ஆறாவது கிணறு

"மாடு மோந்து பார்த்துட்டுத் தலையைத் திருப்பிக்குதுங்க தம்பி. ரெண்டு நாளா தாழியில தண்ணி அப்படியே நிக்குது. அதான் கொண்டாந்தேன்."

2008-ஆம் வருடம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். திருப்பூர்ப் பக்கம் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. அந்தப் பெரியவர் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார். பாட்டிலை நல்லாக் கழுவிட்டுத்தான் பிடிச்சேன் என்று இரண்டு தடவை சொன்னார். ரசீது போட்டேன். பணத்தை எண்ணிக் கட்டிவிட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே குளோரைடு பார்க்க உட்கார்ந்தேன். பியூரெட்டில் வெள்ளி நைட்ரேட், கூம்புக் குடுவையில் தண்ணீர், அதில் சில சொட்டு பொட்டாசியம் குரோமேட். மஞ்சள் நிறம் செங்கல் சிவப்பாகத் திரும்பும் இடத்தில் குழாயை மூட வேண்டும். நல்ல தண்ணீருக்கு நாலைந்து மில்லியில் திரும்பிவிடும். அன்றைக்கு 50 மில்லி பியூரெட் முழுதும் இறங்கியது, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. வெள்ளையாக வீழ்படிவு மட்டும் தயிர் மாதிரி திரண்டுகொண்டே போனது. கடைசியில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து நீர்க்கவைத்த பிறகுதான் அளவே கிடைத்தது. கரைந்திருக்கும் மொத்த உப்பைப் பார்க்க 100 மில்லியைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சுண்டவைத்து, அடுப்பில் 180 டிகிரியில் காயவைத்து எடுத்தேன். கிண்ணத்தின் அடியில் பழுப்பும் வெள்ளையுமாக ஓர் ஏடு ஒட்டியிருந்தது. நகத்தால் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும் போல இருந்தது. லிட்டருக்கு 5,840 மில்லிகிராம். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது நம் நாட்டுத் தரக் கணக்கு.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார். ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். எண்கள் தமிழில் எழுதியிருந்தாலும் அவருக்கு உதவியிருக்காது. "அப்ப மாட்டுக்குக் காட்டலாமுங்களா, காட்டக் கூடாதுங்களா?" என்று கேட்டார். நான் "எல்லாம் ரிப்போர்ட்டுலயே இருக்குங்க" என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சரிங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது நடந்து இத்தனை வருடம் ஆகியும் அந்த "சரிங்க தம்பி" காதைவிட்டுப் போகவில்லை. ஆனால் இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது மட்டுமில்லை.

அஞ்சு புள்ளி

அந்த வாரத்தில் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். அதே ஓடைக்கரையிலிருந்து எட்டு மாதத்துக்குள் அஞ்சு கிணற்றுத் தண்ணீர் எங்களிடம் வந்திருக்கிறது. அஞ்சும் அஞ்சு பேருடையது. ஒருவருக்கு ஒருவர் தெரிந்து கொண்டுவந்த மாதிரி இல்லை. முதலில் வந்தது சாயப்பட்டறைகளுக்குக் கிட்டே இருந்த கிணறு. அடுத்தது அதற்குக் கீழே. அதற்கடுத்தது இன்னும் கீழே. பெரியவருடையது அஞ்சாவது. தண்ணீர் கெட்டுப்போனது ஓடையோடு சேர்ந்து கீழ்நோக்கி நடந்துபோவதை, எங்கள் பதிவேடு அதன் போக்கிலேயே எழுதிவைத்திருக்கிறது. அதைச் சேர்த்துவைத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை. ஒரு கிராஃப் தாளில் ஓடையைக் குத்துமதிப்பாக வரைந்து அஞ்சு புள்ளி வைத்தேன், பக்கத்தில் தேதியும் உப்பின் அளவும். அப்புறம் பெரியவர் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டர் கீழே, நாலைந்து தோட்டத்து வீடுகள் இருக்கும் இடத்தில், பென்சிலால் ஒரு வெற்று வட்டம் போட்டேன். அங்கிருந்து யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. அடுத்து அங்கேதான் என்று எனக்குத் தோன்றியது.

தாளை எடுத்துக்கொண்டு எங்கள் சீனியரிடம் போனேன். எனக்குப் பிப்பெட் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், நல்ல மனிதர், ஒரு அளவைக்கூட மாற்றி எழுதாதவர். தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, நம்ம வேலை அளந்து கொடுக்கிறது. ரிப்போர்ட்டு பணம் கட்டினவருக்குச் சொந்தம், ஒருத்தருடையதை இன்னொருத்தர்கிட்ட நாம காட்ட முடியாது. அப்புறம், அஞ்சு சாம்பிளை வெச்சுக்கிட்டு என்னன்னு சொல்லுவே? டேட்டா பத்தாது" என்றார். எங்களிடம் வரும் பட்டறைக்காரர்களும் வாடிக்கையாளர்கள்தான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தாளை மடித்து என் கல்லூரிக் கால ஆய்வக நோட்டுக்குள் வைத்தேன். நாலு மாதம் கழித்து ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து அங்கிருந்து கிளம்பிவிட்டேன்.

நொய்யலின் கதையை இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, அதைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழ்ப்பக்கத்து விவசாயிகளே மன்றாடிய ஊர் நம்முடையது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன செய்தியை நான் கல்லூரி ஓய்வறையில் படித்தேன். வழக்கை நடத்தியது விவசாயிகள். பதிவேடுகளோடு இருந்த எங்களைப் போன்றவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

பூனை எண் 400

போன வருடம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாதரசச் சேர்மங்கள் பற்றிய பாடம். பாதரசம் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை நினைவுக்கு வரும், அதிலிருந்து தொடங்கி ஜப்பானின் மினமாட்டாவுக்குப் போனேன். பாடப்புத்தகத்தில் நாலு வரிதான் இருக்கிறது. நான் கொஞ்சம் கூடுதலாகப் படித்துக்கொண்டு போயிருந்தேன். மருத்துவர் ஹோசோகாவா ஹாஜிமேயைப் பற்றிச் சொல்லி முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அவருக்குத்தான் தெரிஞ்சிருச்சே, அவர் ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டாள். ஏதோ பதில் சொன்னேன். அந்தக் காலம், கம்பெனி வேலை, ஜப்பானிய ஒழுங்கு, அப்படி ஏதோ. சொல்லும்போதே பொய்யாகத் தெரிந்தது. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஹோசோகாவா, மினமாட்டாவில் இருந்த சிஸ்ஸோ இரசாயன ஆலையின் மருத்துவமனைக்குத் தலைவர். 1956 ஏப்ரல் 21-ஆம் தேதி ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறியது, கை நடுங்கியது. அடுத்த சில நாளில் அவள் தங்கைக்கும் அதே. மே 1-ஆம் தேதி, காரணம் தெரியாத நரம்பு மண்டல நோய் ஒன்று பரவுகிறது என்று சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தவர் இதே ஹோசோகாவாதான். மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாக வெளியே தெரிந்த நாள் என்று இன்றும் அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள். ஆகவே அவர் மறைக்கிற ஆளாகத் தொடங்கவில்லை. முதலில் குரல் கொடுத்தவரே அவர்.

மனிதர்களுக்கு முன்னாலேயே அந்த ஊர்ப் பூனைகளுக்கு வந்துவிட்டது. மீனவர் வீட்டுப் பூனைகள் சுற்றிச் சுற்றி ஓடின, சுவரில் முட்டிக்கொண்டன, கடலில் விழுந்து செத்தன. 'ஆடும் பூனைகள்' என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். காக்கைகள் பறந்துகொண்டிருக்கும்போதே விழுந்தன. இதைப் படித்தபோது எனக்குத் தாழியில் தலையைத் திருப்பிக்கொண்ட மாடுதான் கண்ணில் வந்தது. அது பிழைத்தது, மோந்து பார்த்தே தெரிந்துகொண்டது. பாதரசத்துக்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. மினமாட்டாப் பூனைகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

ஆலையில் அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரச சல்ஃபேட்டை வினையூக்கியாகப் போட்டார்கள். அதில் ஒரு சிறு பங்கு வினைகலனுக்குள்ளேயே மெத்தில் பாதரசமாக மாறி, கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்தது. கடல் பெரிது, கரைந்துபோய்விடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கு, அதிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் அது செறிந்துகொண்டே போகும். கடைசிப் படியில் மூன்று வேளையும் மீன் சாப்பிடும் மீனவர் குடும்பம். 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காரணம் கரிமப் பாதரசம், அதாவது மெத்தில் பாதரசம் மாதிரி கார்பனோடு பிணைந்த பாதரசம் என்று அறிவித்தார்கள். ஆலைக் கால்வாய் கடலில் கலக்கும் இடத்துச் சேற்றில் ஒரு டன்னுக்கு 2 கிலோ வரை பாதரசம் இருந்ததும் தெரியவந்தது. நிறுவனம் விடவில்லை. நாங்கள் பயன்படுத்துவது கனிமப் பாதரசம், கரிமம் எங்கிருந்து வரும் என்று கேட்டது. மேலுக்கு நியாயமான கேள்வி. ஆலையின் குழாயையும் நோயாளியின் மூளையையும் இணைக்கும் ஒரு கண்ணி மட்டும் பாக்கி இருந்தது.

அந்தக் கண்ணியைத்தான் ஹோசோகாவா கண்டுபிடித்தார். அதே ஜூலை மாதம், அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரை நேரடியாகத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுக்கத் தொடங்கினார். சோதனைப் பூனைகளில் அதன் எண் 400. தினமும் கொஞ்சம், ஒரு நாளும் விடாமல். இரண்டரை மாதம் பூனை நன்றாக இருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் கால்கள் தள்ளாடின, எச்சில் வடிந்தது, வலிப்பு வந்து சுற்றிச் சுற்றி ஓடிச் சுவரில் முட்டியது. மீனவர் வீட்டுப் பூனைகள் செய்த அதே ஆட்டம். இந்தப் பூனை விரிகுடா மீனைத் தொட்டதுகூட இல்லை. ஆலையின் தண்ணீரைத்தான் சாப்பிட்டது.

அந்த அக்டோபர் நாளை நான் மனதுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கூண்டுக்கு முன்னால் 58 வயது மருத்துவர் ஒருவர் நிற்கிறார். சம்பளம் கொடுப்பது ஆலை. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது ஆலை. அவருடைய மருத்துவமனையின் கட்டில்களை வாங்கிப் போட்டது ஆலை. அதே கட்டில்களில் கிடக்கிற பிள்ளைகளை நாசமாக்கியதும் ஆலை என்று அவருக்கு மட்டும் இப்போது தெரியும். முடிவை மேலிடத்தில் சொன்னார். சோதனையை நிறுத்தச் சொன்னார்கள். ஒரு பூனையை வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது என்பது அந்தப் பக்கத்து வாதம். அதாவது, டேட்டா பத்தாது. அவர் வெளியே சொல்லவில்லை.

என்ன நடந்தது என்றால், அந்த டிசம்பர் 30-ஆம் தேதி நோயாளிகளோடு நிறுவனம் ஓர் ஒப்பந்தம் போட்டது. இறந்தவர்களுக்கு மூன்று லட்சம் யென், ஆறுதல் பணம் என்ற பெயரில். பின்னால் ஆலைதான் காரணம் என்று நிரூபணமானாலும் மேற்கொண்டு ஈடு கேட்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மீனவர்களுக்குப் பூனை 400 பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம், 1960-ல், ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி உச்சத்துக்குப் போயிற்று, சுமார் 45,000 டன். அழுகிய மீனின் அமீன்களே காரணம் என்று டோக்கியோவிலிருந்து ஒரு பேராசிரியர் எழுதினார். போரில் கடலில் போட்ட வெடிமருந்து காரணம் என்று இன்னொருவர். இந்தக் குழப்பத்தைத் தெளியவைக்கும் ஒரே தகவல் ஒரு மருத்துவரின் குறிப்பேட்டில் இருந்தது.

அகானோ ஆற்றங்கரை

மௌனம் என்றால் நடந்து முடிந்ததை மறைப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் என் கிராஃப் தாளைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அஞ்சு கிணறும் ஏற்கெனவே கெட்டுப்போய்விட்டன, அவரவர் கையில் அவரவர் ரிப்போர்ட் இருக்கிறது, நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று. 1965-ல் நடந்ததைப் படித்த ராத்திரி அந்தச் சமாதானம் போய்விட்டது.

அந்த வருடம் ஜூன் மாதம், மினமாட்டாவிலிருந்து வெகுதூரத்தில், நீகாட்டாவில் அகானோ ஆற்றங்கரை மக்களுக்கு அதே நோய் வந்தது. 60 கிலோமீட்டர் மேலே வேறொரு நிறுவனத்தின் ஆலை. அங்கேயும் அசிட்டால்டிஹைடு, அங்கேயும் பாதரச வினையூக்கி. பின்னால் அங்கே நோயாளிகள் என்று அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டும் சுமார் 700 பேர். 1959 அக்டோபரில் பூனை 400-இன் கதை வெளியே வந்திருந்தால் அது மினமாட்டாவின் கதையாக மட்டும் நின்றிருக்காது. இந்தத் தயாரிப்பு முறையே இப்படிச் செய்யும் என்ற எச்சரிக்கையாக நாடு முழுவதும் போயிருக்கும். ஹோசோகாவா அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். நீகாட்டா செய்தி கேட்டு அங்கே போய் நோயாளிகளைப் பார்த்தார். அந்த ஆற்றங்கரை வீடுகளில் உட்கார்ந்து, வளைந்துபோன விரல்களைப் பிடித்துப் பார்த்தபோது அந்த மருத்துவர் என்ன நினைத்திருப்பார் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

எனக்குத் திருப்புமுனை இதுதான். அஞ்சு புள்ளிகளில் என் கடமை இருக்கவில்லை. பென்சிலில் போட்ட அந்த வெற்று வட்டத்தில் இருந்தது.

ஆலை அந்தத் தயாரிப்பை 1968 மே மாதம் நிறுத்தியது. அரசு, ஆலைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டது அதே வருடம் செப்டம்பரில், நாலு மாதம் கழித்து. 1970 ஜூலையில், நுரையீரல் புற்றுநோயோடு டோக்கியோ மருத்துவமனையில் படுத்திருந்த ஹோசோகாவா, படுக்கையிலிருந்தபடியே நோயாளிகளின் வழக்குக்காகச் சாட்சி சொன்னார். பூனை 400, யாரிடம் சொன்னார், யார் நிறுத்தினார்கள், எல்லாம். அக்டோபரில் இறந்துபோனார். 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் நோயாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அந்த ஆறுதல் பண ஒப்பந்தமும் செல்லாது என்றது. கடைசியிலாவது சொன்னாரே என்று அவரை வணங்குகிறேன். 11 வருடம் என்பதையும் மறக்க முடியவில்லை.

சொன்னவர்கள்

அதே ஊரில் வேறு மாதிரி நடந்துகொண்டவர்களும் இருந்தார்கள். ஹராடா மசசுமி அப்போது குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் இளம் மருத்துவர். ஒரு வீட்டுத் திண்ணையில் அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி கைகால் முறுக்கிக் கிடப்பதைப் பார்க்கிறார். அண்ணனுக்கு மினமாட்டா நோய், தம்பிக்குப் பிறவி மூளைவாதம் என்று மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள், தம்பி மீன் சாப்பிட்டதே இல்லை என்பதால். மீனைத் தின்றது நான், வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் போய்விட்டது என்றாள் தாய். நச்சு நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்பதுதான் அன்றைய மருத்துவப் பாடம். ஹராடா புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தாயை நம்பினார். வீடு வீடாகப் போய், அவள் சொன்னதே உண்மை என்று நிறுவினார். ஜப்பானில் பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். நம் பக்கம் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுகிறோமே, அந்த மாதிரி. பின்னாளில் அந்தக் கொடிகளை வாங்கிச் சோதித்தபோது எந்தெந்த வருடம் ஆலையில் உற்பத்தி ஏறியதோ, அந்தந்த வருடம் பிறந்த பிள்ளைகளின் கொடியிலும் மெத்தில் பாதரசம் ஏறியிருந்தது. பெட்டியில் தாய்மார் பூட்டிவைத்திருந்தது ஒரு பதிவேடு. ஹராடா 2012-ல் இறக்கும் வரை அந்த நோயாளிகளை விட்டுப் போகவில்லை.

என் மனதுக்கு இன்னும் கிட்டே வருபவர் உயி ஜுன். பொறியாளர். இளவயதில் வேலை பார்த்த பிளாஸ்டிக் ஆலையில் பாதரசக் கழிவை வெளியே விட்டவர்களில் அவரும் ஒருவர். மினமாட்டாவைப் பற்றிக் கேள்விப்பட்டதும், தான் செய்ததும் இதுதானோ என்ற பயத்தோடு அங்கே போனார். பூனைச் சோதனைக் குறிப்பைத் தேடிப் பிடித்து, ஹோசோகாவாவிடமே நேரில் போய் உறுதிசெய்துகொண்டவர் அவர். 1970 முதல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று மாசு பற்றி ராத்திரி வகுப்பு எடுத்தார். பதவி உயர்வே இல்லாமல் 21 வருடம் உதவியாளராகவே வைத்திருந்தார்கள். கையில் அழுக்குப் பட்டவன் பேசக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. பட்டதால்தான் பேசினார்.

இதையெல்லாம் சொன்னால் சக ஆசிரியர் ஒருவர் மறுப்பார். "அவசரப்பட்டுச் சொல்லி, தப்பாப் போச்சுன்னா? மீன் விக்காம மீனவன் பட்டினி கிடப்பானே?" என்பார். இது லேசான கேள்வி இல்லை. மினமாட்டாவிலேயே மீன் விற்காமல் போனது, நோய் வந்த வீட்டை ஊர் ஒதுக்கியது, நோயாளியை ஒளித்துவைத்த குடும்பங்களும் உண்டு. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் இதற்கு என் பதில். வேதியியலாளர்கள் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் 1974-ல் அதைத்தான் செய்தார்கள். குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளூரோகார்பன் ஓசோனை அழிக்கும் என்று கணக்குப் போட்டார்கள். வானத்தில் அதுவரை யாரும் அளந்து பார்த்து ஓட்டை கண்டதில்லை. கட்டுரை வெளியான சில மாதத்திலேயே, இதைத் தடை செய்யுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். நிறுவனங்கள் பாய்ந்தன. அண்டார்டிகாவில் ஓசோன் மெலிந்துகிடப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டது 1985-ல். ஓசோனை அழிக்கும் பொருள்களைக் குறைக்க நாடுகள் சேர்ந்து போட்ட மான்ட்ரியல் உடன்பாடு 1987-ல் அவ்வளவு சீக்கிரம் கைகூடியதற்கு, நடுவில் அந்த இரண்டு பேரும் 11 வருடம் பேசிக்கொண்டே இருந்தது ஒரு காரணம். அதே 11 வருடம்தான், 1959-லிருந்து 1970 வரை போனதும்.

என் சீனியர் சொன்னது அறிவியலாகப் பார்த்தால் சரி. அஞ்சு சாம்பிளை வைத்து ஒரு பட்டறையின் மேல் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் குற்றம் சாட்டத் தேவையான ஆதாரம் வேறு, கீழே இருக்கிற ஒரு வீட்டில் போய் "உங்க தண்ணியையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க" என்று சொல்லத் தேவையான ஆதாரம் வேறு. இரண்டாவதுக்கு அஞ்சு புள்ளி தாராளம். இரண்டையும் ஒன்றாக்கி, நீதிமன்றத்துக்கு வேண்டிய அளவு கிடைக்கும் வரை வாயைத் திறக்க மாட்டோம் என்று உட்கார்ந்துகொள்வதைத்தான் நாங்கள் நேர்மை என்று நினைத்தோம். ரிப்போர்ட் பணம் கட்டினவருக்குச் சொந்தம் என்ற விதியையும் நான் இப்போது ஏற்கவில்லை. நிலத்தடி நீர் ஒருவருடைய வேலிக்குள் நிற்பதில்லை. அதைப் பற்றிய செய்தியும் வேலிக்குள் நிற்கக் கூடாது. பெயரை மறைத்து, கிணறு இருக்கும் இடத்தையும் அளவையும் ஊராட்சியில் ஒட்ட ஒரு பரிசோதனைக் கூடத்தைக் கட்டாயப்படுத்தலாம். துணிச்சலான ஒரு ஆள் வரட்டும் என்று அந்த வேலையை ஏன் தள்ளிப்போட வேண்டும்?

பென்சில் வட்டம்

தை மாதம் விடுமுறையில் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். கிராஃப் தாள் மடிப்பில் கிழிந்திருந்தது, பென்சில் வட்டம் மங்கலாக இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டதாம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பனியன் கம்பெனியின் கிடங்கு. அங்கிருந்து ஓடைக்கரையோடு ஒரு கிலோமீட்டர் கீழே நடந்தேன்.

வேப்ப மரத்தடியில் ஓட்டு வீடு, பக்கத்தில் கம்பி வலை போட்டு மூடிய கிணறு. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் திண்ணையில் உட்காரச் சொன்னார். குடிக்கிறதுக்கு இப்ப கேன் தண்ணிதானுங்க, 2011 வாக்குல நிறுத்துனோம் என்றார். அதுவரைக்கும்? "அதுவரைக்கும் கிணத்துத் தண்ணிதானுங்க தம்பி, குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும். பருப்பு வேகவே வேகாது. வெறகு தீர்ந்துபோகும், பருப்பு கல்லு மாதிரி நிக்கும். பருப்புதான் சரியில்லையின்னு மாத்திப் பார்த்தோம். கடையை மாத்திப் பார்த்தோம். மாமியா, எனக்குச் சமைக்கத் தெரியலையின்னு பேசாத பேச்செல்லாம் பேசுனாங்க. தண்ணின்னு எங்களுக்குத் தோணவே இல்லீங்க. அதுக்கப்புறம் தென்னையெல்லாம் கருகினப்பதான் தெரிஞ்சுது."

தாளை எடுத்து விரித்துக் காட்டினேன். இது ஓடை, இது பட்டறை, இது அஞ்சு கிணறு என்று சொன்னேன். பெரியவர் பெயரைச் சொன்னதும், அட அவிய கிணறா என்றார். அவரைக்காய் நார் ஒட்டிய விரலை ஓடையின் கோட்டிலேயே மெல்ல நகர்த்திக்கொண்டு வந்து வட்டத்தில் நிறுத்தினார்.

"இது எங்க வீடுங்களா?"

ஆமாங்கம்மா என்றேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரத்தில் நான் எழுதியிருந்த வருடத்தின் மேல் விரலை வைத்தார். எண் படிக்கத் தெரிந்தவர்.

"இந்த வருசத்துலயே உங்களுக்குத் தெரியுமுங்களா தம்பி?"

"தெரியுமுங்க" என்றேன்.